டிஎம்டி பையனுக்கு இத்தனை டாக்டர்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேனிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு 11 வயது, டுஷேன் தசைச் சிதைவு நோய், நாமெல்லாம் சுருக்கமாகச் சொல்கிற டிஎம்டி. மரபணுப் பரிசோதனையில், எக்ஸான் என்று சொல்கிற மரபணுத் துண்டுகளில் 45 முதல் 50 வரை இல்லை என்று வந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், பள்ளிக்கூடத்துக்கு வீல்சேர். டிஃப்ளாசகார்ட் என்கிற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நோயைப் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று, நான் கேட்க வந்தது டாக்டர்களைப் பற்றி.

நியூரோ டாக்டர் மதுரையில். இதயத்துக்கும் மதுரைதான், ஆனால் வேறு ஆஸ்பத்திரி. மூச்சுப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர். எலும்பு டாக்டர் தேனியில். வளர்ச்சி குறைவாக இருக்கிறது, எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும் என்று இப்போது ஹார்மோன் டாக்டர் ஒருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுபோக ஊரில் குழந்தை டாக்டர், அப்புறம் பிசியோ. தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாரும் நல்ல டாக்டர்கள். ஆனால் ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. இதய டாக்டர் எனலாப்ரில் ஆரம்பித்தது நியூரோ டாக்டருக்கு நான் சொல்லித்தான் தெரியும். எலும்பு டாக்டர் ஒரு கால்சியம் எழுதுகிறார், குழந்தை டாக்டர் இன்னொரு கால்சியம் எழுதுகிறார், கம்பெனிப் பெயர் வேறு வேறு, "ரெண்டும் ஒரே மாத்திரைதான் சார்" என்று கண்டுபிடித்துச் சொன்னது மருந்துக்கடைக்காரர்.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்குக் காய்ச்சல், வாந்தி, மாத்திரை எதுவும் உள்ளே நிற்கவில்லை. ராத்திரி நேரம், எங்கள் குழந்தை டாக்டர் ஊரில் இல்லை, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனையில், வழக்கமாகக் கல்லீரலுக்காகப் பார்க்கிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் பல நூறு. பணியில் இருந்த இளம் டாக்டர் "கல்லீரல் பாதிச்சிருக்கு, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அந்த எண்கள் எப்போதுமே அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். கையில் இருந்தது ஒரு பை நிறைய ஃபைல், அதைப் புரட்டிக் காட்டுகிற நேரமா அது? நியூரோ டாக்டரின் போன் கிடைக்கவில்லை. விடிந்த பிறகுதான் அவர் அழைத்து, அங்கிருந்தவர்களிடம் பேசி, ஸ்டீராய்டை ஊசியாகப் போடவைத்தார். பையன் தேறிவிட்டான், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற வேலை யாருடையது? நம் ஊரில் அதற்கென்று ஒரு ஆள் உண்டா, இல்லை கடைசிவரை நாமே தூது போக வேண்டியதுதானா? அடுத்த முறை யாராவது "நீங்க டாக்டரா" என்று கேட்டால் அவர் கையில் எதைக் கொடுப்பது?

—

நொய்யல் எழுதியது:

அண்ணா, என் மகனுக்கு 17. அந்த ராத்திரியைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது, நாங்களும் கிட்டத்தட்ட அதே வழியில் போய் வந்தவர்கள்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: காகிதத்தில் உண்டு. 2018இல் லான்செட் நியூராலஜியில் டிஎம்டி பராமரிப்பு வழிகாட்டுதல் மூன்று பகுதியாக வந்ததே, அதில் நரம்புத்தசை நோய் நிபுணர் ஒருவர்தான் முன்னே நின்று நடத்த வேண்டும், அவரோடு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நம் ஊரில் அந்த இரண்டாவது ஆள் அநேகமாக அம்மாவோ அப்பாவோதான். சம்பளம் இல்லாத வேலை, லீவும் கிடையாது. ஆனால் முதல் ஆளை நாம் பிடித்தே ஆக வேண்டும். எந்த டாக்டர் கேப்டன் என்று நீங்கள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால் போதாது, அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "சார், மற்றவர்கள் எழுதுவதையெல்லாம் உங்களிடம் கொண்டுவருகிறேன், எது தொடர வேண்டும், எது வேண்டாம் என்று கடைசியாகச் சொல்பவர் நீங்களாக இருப்பீர்களா?" எங்கள் நியூரோ டாக்டர் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார். அதற்கு முன்னால் எங்களிடம் அவர் தொடர்ச்சியாக எதையும் கேட்டதில்லை, அதற்குப் பிறகு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்று அவரே கேட்க ஆரம்பித்தார். பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கையில் கொடுத்தால் பெரும்பாலும் தட்டிவிடவும் மாட்டார்கள்.

அவர் முடியாது என்றால் இன்னொருவரைத் தேடுங்கள். பெரிய நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் குழந்தை டாக்டர்தான் கேப்டன். எல்லாக் கடிதமும் அவருக்கு வரும், நியூரோ டாக்டரை வருடத்துக்கு இருமுறை மட்டும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, யாருக்கு எந்த மருந்து சொந்தம் என்பது. ஸ்டீராய்டின் அளவை மாற்றும் உரிமை எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான். இதய மாத்திரை இதய டாக்டருக்கு. கால்சியமும் வைட்டமின் டியும் ஹார்மோன் டாக்டருக்கு, எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் "அவரிடம் கேட்டுவிட்டு வாங்குகிறேன் சார்" என்று சொல்லிவிடுவேன். முதலில் சிலருக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

மூன்றாவது, பிள்ளையின் ஃபைல் பையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள், எடை பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார்கள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம், கேப்டனின் கையெழுத்தும் முத்திரையும் ஆஸ்பத்திரியின் தலைப்போடு. அதுதான் உங்களுக்குப் பதிலாகப் பேசும். "நீங்க டாக்டரா" என்ற கேள்விக்கு அந்தக் கையெழுத்துதான் பதில், நாம் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த நேரத்தில் அது எடுபடாது. லேமினேட் செய்து ஒன்று வீல்சேரின் பின்பையில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒரு போட்டோ குடும்பத்தில் எல்லார் போனிலும். மருந்து மாறினால் தாளும் மாற வேண்டும், தேதி போட மறக்காதீர்கள், பழைய தாள் இல்லாததைவிட ஆபத்து.

—

பெரம்பூர்வாசி எழுதியது:

ஊர் ஊராக அலைவதே தப்பு சார். எல்லாப் பிரிவும் இருக்கிற ஒரே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுங்கள், வேலை முடிந்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது, அதன்கீழ் உள்ள உயர் சிறப்பு மையங்களில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி என்று 2022இல் உயர்த்தினார்கள். அங்கே பதிவு செய்யுங்கள். தேனியில் இருந்துகொண்டு மதுரை, கோவை என்று சுற்றினால் இப்படித்தான் ஆகும்.

—

நொய்யல் எழுதியது:

பதிவு செய்யட்டும், நல்லதுதான், நானும் அதைச் சொல்வேன். ஆனால் அந்த 50 லட்சம் சிகிச்சைக்கான உதவி, டாக்டர்களை ஒருவரோடு ஒருவர் பேசவைக்கிற ஆளுக்கு இல்லை. டிஎம்டி அந்தக் கொள்கையில் மூன்றாவது பிரிவில் வருகிறது, அதாவது மருந்து இருக்கிறது, விலை மிக அதிகம், வாழ்நாள் முழுக்க வேண்டும் என்கிற பிரிவு. அதற்குக் காத்திருக்கும் வரிசை எப்படி என்று இங்கே பலருக்குத் தெரியும், அந்தக் கதையைத் திறக்கவில்லை.

ஒரே கூரை பற்றி: எங்களை ஒரு வருடம் அப்படி ஒரே கூரைக்குக் கீழே பார்த்தார்கள். மூன்றாவது மாடி டாக்டருக்கு முதல் மாடியில் எடுத்த எக்கோ தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கிறது, திறந்து பார்க்க நேரமில்லை. கட்டடம் ஒன்றாக இருப்பதால் பேச்சு வந்துவிடாது. நடு ராத்திரி வாந்திக்குத் தேனியில் இருந்து எழும்பூர் போகவும் முடியாது. எங்கே பார்த்தாலும் அந்தத் தாள் வேண்டும், ஊர் டாக்டர் ஒருவரும் வேண்டும்.

எல்லாரும் ஒரே நாளில் பார்க்கிற நரம்புத்தசை கிளினிக் எங்காவது கிடைத்தால் மட்டும் விடாதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை போனாலும் போதும். அன்று கிடைக்கிற ஒரே கடிதம் வருடம் முழுக்க உதவும்.

—

காவிரிக்கரை டாக்டர் எழுதியது:

நான் டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். அந்த இளம் டாக்டரின் பக்கமும் ஒரு வார்த்தை. சுமார் ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிற நோய், அவர் படிக்கும்போது ஒரு பாடமாகப் படித்திருப்பார், நேரில் பார்த்திருக்கவே மாட்டார். நள்ளிரவில் எஸ்ஜிபிடி நானூறு என்று வந்தால் கையில் வருவது கல்லீரல்தான். அவர் கேட்ட தோரணை சரியில்லை, ஆனால் தெரியாமை குற்றமில்லை. அதனால்தான் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அளவுகளை இங்கே எழுத மாட்டேன், அவற்றை உங்கள் டாக்டர் பையனின் எடைக்கு ஏற்ப எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

தாளின் உச்சியில் நோயின் பெயர், அதன் கீழேயே ஸ்டீராய்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். காய்ச்சல், வாந்தி, அடிபடுதல், அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு நெருக்கடி வரும்போது கூடுதலாக வேண்டும், அந்த நேரத்தில் போய் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், உயிருக்கே ஆபத்து. "நிறுத்தக்கூடாது, வாந்தி எடுத்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, இந்த அளவு" என்று ஒரு வரி. சில குடும்பங்களுக்கு அந்த ஊசியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூரமாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் தசையிலும் இருக்கிறவை, டிஎம்டியில் அவை எப்போதும் ஏறித்தான் இருக்கும். கல்லீரலைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஜிஜிடியும் பிலிருபினும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற கிரியாட்டினின் இதற்கு நேர்மாறு: தசை குறைவு என்பதால் அது தாழ்ந்தே இருக்கும், சாதாரண எண் வந்தால்கூடச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நம்ப முடியாது, அதற்குப் பதிலாக சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். இதயத்திலும் இப்படி ஒரு சிக்கல். இவர்களுடைய ஈசிஜி சாதாரண நாளிலேயே மாறித்தான் இருக்கும், துடிப்பும் வேகமாக இருக்கும். அதனால் பையன் நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஈசிஜியின் நகல் ஒன்றைத் தாளின் பின்னாலேயே குத்தி வையுங்கள். புதிதாகப் பார்க்கிற டாக்டருக்கு ஒப்பிட ஏதாவது வேண்டும். இந்த ஒன்றுக்காக எனக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், பெற்றோரைவிட டாக்டர்கள் அதிகம்.

மயக்க மருந்து: தசையைத் தளர்த்தப் போடுகிற சக்சினைல்கோலைன் கூடவே கூடாது, மூச்சு வழியாகக் கொடுக்கிற மயக்க வாயுக்களும் தவிர்க்க வேண்டும், தசை உடைந்து பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள் கூட வர வேண்டும்.

ஆக்சிஜன்: மூச்சுத் தசை பலவீனமான பையனுக்கு ஆக்சிஜனை மட்டும் கொடுத்து அளவு 98 என்று திருப்தியாக இருந்துவிடக்கூடாது, உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டிருக்கும். மூச்சைத் துணைக்கருவியால் தூக்க வேண்டியிருக்கும். உங்கள் பையனுக்கு இப்போது இது வராமல் இருக்கலாம், பெரிய பையன்களின் தாளில் முதல் வரியே இதுதான். அப்புறம், விழுந்தாலோ எலும்பு முறிந்தாலோ சில மணி நேரத்தில் மூச்சு வாங்குவதும் குழப்பமாகப் பேசுவதும் வந்தால் கொழுப்புத் துணுக்கு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எலும்பு முறியாமல் வெறுமனே விழுந்தாலும் இது வரும், "எக்ஸ்ரே நார்மல், வீட்டுக்குப் போங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எலும்பு டாக்டருக்கும் ஒரு வரி வேண்டும். நடந்துகொண்டிருக்கிற பையனுக்குக் கால் முறிந்தால் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் படுக்கவைத்தால் அவன் திரும்ப நடக்காமலே போகலாம். பிளேட் வைத்துச் சீக்கிரம் எழுப்பிவிட முடியுமா என்று அவர் நியூரோ டாக்டரோடு பேசிவிட்டு முடிவு செய்ய வேண்டும். சாதாரணப் பையனுக்குச் சரியான முடிவு இவனுக்குத் தப்பாகிவிடுகிற இடம் இது.

டாக்டருக்கு டாக்டர் பேசுவது நம் ஊரில் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலிலேயே ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்பதற்கு இடம் இருக்கிறது. எனக்கு மதுரை டாக்டரின் நம்பர் இருந்தால் நான் கூப்பிடுவேன், எனக்கு வெட்கமில்லை. நம்பரைக் கொடுப்பதில்தான் தகராறு. அவருடைய சொந்த நம்பரைக் கேட்காதீர்கள், அந்தப் பிரிவில் ராத்திரி யாரைக் கூப்பிடலாம் என்று கேளுங்கள், அது கிடைக்கும். நாள் நன்றாக இருக்கும்போதே பையனை ஊரில் நெருக்கடிக்குப் போகக்கூடிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை அழைத்துப் போய், அங்குள்ள குழந்தை டாக்டரிடம் தாளைக் கொடுத்து அறிமுகம் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்காதது. அம்மாவின் இதயத்தைப் பார்த்தாயிற்றா? மரபணு மாற்றம் அம்மாவிடமிருந்து வந்திருந்தால், மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான், அம்மாவுக்கும் இதயத்தசை பலவீனம் வர வாய்ப்பு உண்டு. பையனின் டாக்டர் அம்மாவைப் பரிசோதிக்க மாட்டார், அம்மா தனக்காக டாக்டரிடம் போக மாட்டார். இத்தனை டாக்டர்களுக்கு இடையில் தவறிப்போவது பெரும்பாலும் இவர்தான். தங்கை இருந்தால் அவளும் அந்த மாற்றத்தைச் சுமக்கிறாளா என்று பார்க்கிற கேரியர் பரிசோதனை பற்றிப் பிற்காலத்தில் பேச வேண்டும்.

—

பெரம்பூர்வாசி எழுதியது:

டாக்டர் சொன்னது சரி, என் பழைய பதிவில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் பல வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவில் இருந்தவன். ரிப்போர்ட் கேட்டால் "சிஸ்டத்தில் இருக்கிறது, அடுத்த தடவை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். வாயால் கேட்காதீர்கள், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். அந்த மூன்று வருடம் முக்கியம், அதற்குப் பிறகு எரித்துவிட்டால் கேட்க முடியாது. மரபணு ரிப்போர்ட்டின் அசலை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், பிற்காலத்தில் எந்த மருந்து சோதனை வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். எக்கோவுக்கு எழுத்து ரிப்போர்ட் போதும், எம்ஆர்ஐ என்றால் சிடியும் வாங்குங்கள்.

மருத்துவ ஆவணங்களை டிஜிட்டலில் சேர்த்து வைக்க ஆபா எண் என்று 14 இலக்கத்தில் ஒன்று கொடுக்கிறார்களே, எடுத்து வையுங்கள், செலவில்லை. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியும் அதில் ஏற்றுவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். உங்கள் போனில் ஒரு போல்டர், தேதி முதலில் வருவதுபோலக் கோப்பின் பெயர், அது போதும்.

—

சக்கரக்கால் எழுதியது:

எனக்கு 24 வயது, டிஎம்டி. பெற்றோர்கள் பேசுகிற இடத்தில் நோயாளி ஒருவனும் பேசலாமா?

தேனி அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒரு டாக்டரும் பையனிடம் நேரடியாகப் பேசியதாக இல்லை. 11 வயது என்பது அவனுக்கே தன் மருந்துகளைச் சொல்லத் தெரிய வேண்டிய வயது. எனக்கு என் அம்மா கற்றுக் கொடுத்தார், ஓபி வாசலில் உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டே இருப்பேன், சிரிப்பாக இருக்கும். காலேஜில் ஒரு நாள் மயங்கி விழுந்தபோது அம்மா இல்லை, அண்ணன் இல்லை, கண் விழித்ததும் "ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், ஊசி போடுங்கள், வெறும் ஆக்சிஜனோடு நிறுத்திவிடாதீர்கள்" என்று நானே சொன்னேன். பக்கத்தில் நின்ற நண்பனுக்கு எதுவும் தெரியாது, ஏன் தெரியவேண்டும்?

இன்னொரு விஷயத்துக்கு இப்போதே தயாராகுங்கள். 18 வயதானதும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கதவு மூடிவிடும். அதுவரை எல்லாம் தெரிந்தவர்கள், அதற்குப் பிறகு எல்லாம் புதியவர்கள். பெரியவர்களுக்கான நியூரோ டாக்டர்களில் பலர் டிஎம்டி வைத்துக்கொண்டு 20 தாண்டிய ஆளைப் பார்த்ததே இல்லை, என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார் ஒருவர். முன்பெல்லாம் இந்த வயதுவரை இருக்க மாட்டார்கள் என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்திருக்கும். ராத்திரி பைபாப் என்கிற மூச்சுக்கருவி, இருமல் கருவி, இதய மாத்திரை, இவை சரியாக நடந்தால் இருக்கிறோம், வேலை பார்க்கிறோம். 16, 17லேயே பழைய டாக்டரிடம் "அடுத்து யாரிடம் அனுப்பப் போகிறீர்கள்" என்று கேளுங்கள், இரண்டு பேரையும் ஒரு வருடம் சேர்ந்தே பாருங்கள்.

முதுகெலும்பு வளைவுக்கு எனக்கு ஆபரேஷன் பேசினார்கள். எலும்பு டாக்டர் சரி என்றார், இதய டாக்டர் எக்கோ பழசு என்றார், நுரையீரல் டாக்டர் எஃப்விசி, அதாவது ஊதும் மூச்சின் அளவு எவ்வளவு என்று கேட்டார், எடுத்துக்கொண்டு போனால் மயக்க மருந்து டாக்டர் எக்கோவையே திரும்பக் கேட்டார். ஒவ்வொருவர் கொடுத்த தேதியும் இன்னொருவர் தேதிக்குள் முடியவில்லை, ஒன்று புதிதாகும்போது இன்னொன்று காலாவதி. கடைசியில் நானே எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் போட்டேன், ஒருவர் எழுதுவது மற்றவருக்கும் தெரியும்படி. "கீழே கையெழுத்திட்டவன் நோயாளி, நீங்கள் நால்வரும் கால் மணி நேரம் வீடியோவில் சேர்ந்து பேசினால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகும்." மூன்று பேர் வந்தார்கள். அது போதுமாக இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானது, காரணத்தை அங்கேயே நான் கேட்டுக்கொண்டேன், எனக்குச் சம்மதம்.

டாக்டர் சார் தாளில் சேர்க்காதது ஒன்று: பையனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது. என் தாளில் கடைசி வரி "என்னிடம் கேட்காமல் என்னைத் தூக்காதீர்கள், எப்படித் தூக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்."

—

தசைநார் எழுதியது:

பிசியோதெரபிஸ்ட். சின்னதாக ஒன்று. வீட்டுக்கு வந்து பிசியோ பார்ப்பது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், காசு கிடையாது. வருகிறவருக்கு டிஎம்டி தெரியாமல் இருக்கலாம். தசையைப் பலப்படுத்துகிறேன் என்று எடை தூக்கவைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இந்தத் தசை அப்படிப் பலப்படாது, கிழியும். நீட்டிவிடுவது, இரவில் கணுக்கால் ஸ்பிளிண்ட், இவைதான் முதன்மை. கேப்டனின் கடிதத்தில் இதையும் ஒரு வரி எழுதச் சொன்னால் எங்களுக்கு வசதி, பெற்றோர் சொல்லி நாங்கள் கேட்டால் எங்கள் மேலதிகாரி கேட்பதில்லை. இன்னொன்று, வாரத்தில் பையனை அதிக நேரம் தொட்டுப் பார்ப்பவர்கள் நாங்கள். முதுகு சாய்கிறது, இருமல் வலுவிழக்கிறது, காலையில் தலைவலி என்கிறான், இதெல்லாம் முதலில் எங்கள் கண்ணில்தான் படும். எங்களுக்கும் அந்த டாக்டரின் பிரிவு நம்பரைக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாயிற்றா? 2016 சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் உண்டு, மாவட்ட அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பயணச் செலவுக்கு அது கொஞ்சம் உதவும்.

—

தேனிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நொய்யல் அக்கா சொன்னபடி நியூரோ டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் "நான்தானே ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். அப்படியானால் எனலாப்ரில் விஷயம் ஏன் சார் உங்களுக்கு வரவில்லை என்று கேட்டதும், அவரே பேனாவை எடுத்தார். தாளை அவர் கையால் எழுத நேரமில்லை, நான் எழுதிக் கொண்டுபோனால் திருத்திக் கையெழுத்திடுகிறேன் என்றார். காவிரிக்கரை டாக்டர் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன், அளவுகளுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன். இதய டாக்டர் கடிதத்தின் நகலை நேராக நியூரோ டாக்டருக்கே அனுப்ப ஒத்துக்கொண்டார். கோயம்புத்தூர் மட்டும் இன்னும் பதில் இல்லை.

சக்கரக்கால் தம்பி, உங்கள் பதிவை மகனிடம் படித்துக் காட்டினேன். இப்போது ஸ்டீராய்டின் பெயரைச் சரியாக உச்சரிக்கிறான், எனலாப்ரில்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது. கடைசி வரியாக என்ன போட வேண்டும் என்று கேட்டேன். "ஊசி போடுறதுக்கு முன்னாடி சொல்லணும், பொய் சொல்லக்கூடாது" என்றான். போட்டாயிற்று.

மனைவிக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்றதும் "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். பையனின் அடுத்த எக்கோ நாளிலேயே அவளுக்கும் டோக்கன் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம், தாளை ஆங்கிலத்தில் எழுதுவதா தமிழிலா?

—

காவிரிக்கரை டாக்டர் எழுதியது:

டாக்டர்களுக்கு ஆங்கிலம், வெளிமாநிலத்திலும் செல்லும். பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி, பள்ளிக்கூட ஆசிரியைக்கும் 108இல் வருபவருக்கும்: என்ன நோய், ஸ்டீராய்டு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். மனைவிக்கு முதல் எக்கோ நன்றாக வந்தாலும் அதோடு விடாதீர்கள், மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், கேரியர் என்று உறுதியானால். அந்தத் தேதியையும் பையனின் போல்டரிலேயே போட்டு வையுங்கள், தனியாக வைத்தால் யாரும் திறக்க மாட்டீர்கள்.